முழு மதிப்புக்கு இன்சூர் செய்த பொம்மை

கொஞ்சம் அந்தப் பெட்டியைக் குலுக்குங்க சார். சும்மா குலுக்குங்க. கேட்டுச்சா? உள்ள ஏதோ ஆடுது. இப்படியே அனுப்பினீங்கன்னா போய்ச் சேர்றப்போ கேமரா இருக்காது. கேமராதானே? வெளியவே எழுதியிருக்கே. ஏலத்துல வித்தீங்களா? போலந்துக்கா! எவ்வளவுக்குப் போச்சுன்னு நான் கேக்கலை. ஆனா எவ்வளவுக்குப் போச்சோ அதையே மதிப்புன்னு போடுங்க. வாங்கினவன் சுங்கவரி குறையணும்னு கம்மியா எழுதச் சொல்லுவான். எழுதாதீங்க. நாளைக்கு உடைஞ்சா அந்தக் கம்மிதான் கைக்கு வரும்.

உக்காருங்க. பார்சல் வாங்கறவர் சாப்பிடப் போயிருக்காரு, மூணு மணிக்குத்தான் வருவாரு. நான் ரெண்டு மணிக்கே வந்துட்டேன். வீட்டுல இருக்க முடியலை. இந்த மூணு பெட்டியும் என்னுதுதான். மெல்போர்ன். கொலு பொம்மை. நேத்தே நவராத்திரி ஆரம்பிச்சாச்சே, இனிமே அனுப்பி என்னன்னு பாக்கறீங்க. இந்த வருஷத்துக்கு இல்ல சார், அடுத்த வருஷத்துக்கு.

என் பேரு வைத்தியலிங்கம். இன்சூரன்ஸ் சர்வேயரா இருந்தேன், முப்பத்தோரு வருஷம். லாரி கவுந்தா, குடோன் எரிஞ்சா, மில்லுல தண்ணி புகுந்தா, நான் போய்ப் பாத்து நஷ்டம் எவ்வளவுன்னு எழுதினாத்தான் கம்பெனி பணம் குடுக்கும். என்னை ஏமாத்தினவன் ஒருத்தன் கிடையாது. அழுவாங்க, கால்ல விழுவாங்க. நான் பாட்டுக்கு டேப் வெச்சு அளந்துட்டே இருப்பேன். ஆள் பேசறதை வெச்சே பொய்யா நெசமான்னு சொல்லிடுவேன்.

இருங்க, கொஞ்சம் எந்திரிச்சுக்கறேன். ஒரே இடத்துல உக்கார முடியலை.

எங்க அம்மா சௌந்தரவல்லி. இந்த ஊரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வெளியூருக்கு டிரங்க்கால் போட்டுக் குடுக்கற வேலை. கும்பகோணத்துல பழைய ஆளுங்களுக்கு அம்மா முகம் தெரியாது, குரல் தெரியும். அந்தச் சம்பளத்துல வருஷம் தவறாம பொம்மை வாங்குவாங்க. ஒன்பது படி கொலு. நூத்து நாப்பது பொம்மை. நான் ஒவ்வொண்ணா எடுத்துக் குடுப்பேன், அம்மா வைப்பாங்க, தங்கச்சி அபயாம்பாள் கீழே நின்னு கோணலா நேரான்னு சொல்லுவா. அவதான் இப்போ மெல்போர்ன்ல இருக்கா. இருபத்தாறு வருஷமாச்சு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தை மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மா போயிட்டாங்க. புதன்கிழமை மத்தியானம் எடுத்துட்டோம். அபயா வெள்ளிக்கிழமை காலைல வந்து இறங்கினா. நேரா வீட்டுக்குள்ள வந்து கூடத்தைப் பாத்தா. அங்க என்ன இருக்கும், வெளக்குதான் எரிஞ்சுட்டு இருந்துச்சு. "வெச்சிருக்கக் கூடாதாண்ணே"ன்னு கேட்டா. நான் நியாயமாத்தான் பதில் சொன்னேன். "உனக்கு டிக்கெட் கிடைக்குமா கிடைக்காதான்னே தெரியாது. எதை நம்பி வெச்சிருக்கறது?"ன்னேன். காரியம் முடிஞ்சு கிளம்பறப்போ வாசல்ல நின்னு, "அம்மா பொம்மையெல்லாம் என்னண்ணே பண்ணப் போறே?"ன்னா. "இருக்கட்டும், பாத்துக்கலாம்"னேன். கார் ஏறிப் போயிட்டா. அதுக்கப்புறம் தீபாவளிக்கு ஒரு போன், பொங்கலுக்கு ஒரு போன். அதுவும் என் சம்சாரம் மங்கைகிட்ட பேசிட்டு வெச்சுடுவா.

அவளுக்கு வேணும்னா கேட்டிருக்கலாம் சார். கேட்டா நான் குடுக்க மாட்டேன்னா சொல்லுவேன்? கேக்கலையே.

அப்புறம் நான் ரிட்டயர் ஆயிட்டேன். மங்கைக்கு மூட்டு வலி, படி கட்டி பொம்மை ஏத்தறதெல்லாம் அவளால முடியாது. பையன் புனேல, மருமகள் அந்தப் பக்கத்துப் பொண்ணு. பரண்ல நாலு டிரங்குப் பெட்டி நிறைய பொம்மை சும்மா கெடக்கு. எனக்கோ காலைல எந்திரிச்சா போறதுக்கு இடம் இல்ல. அப்பதான் இந்த ஏலத் தளத்தைக் கண்டுபிடிச்சேன். பழைய மண்பொம்மை, பீங்கான் பொம்மைக்கெல்லாம் வெளிநாட்டுல என்ன கிராக்கிங்கறீங்க! கூடத்துத் தரையில வெச்சு ஆறு பக்கமும் போட்டோ எடுத்துப் போட்டேன். முதல்ல போனது ஒரு தவழற கிருஷ்ணர். பர்மிங்காம்ல ஒரு டாக்டர் எடுத்தாரு.

பேக்கிங் நான்தான். வேற யாரையும் தொட விடமாட்டேன். பொம்மைக்கு முதல்ல மெல்லிசுக் காகிதம், மேல பப்புள் ஷீட்டு, அப்புறம் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைச் சுத்தி ரெண்டு அங்குலம் தெர்மோகோல். அதுக்கு மேல இன்னொரு பெட்டி. குலுக்கினா மூச்சு விடக்கூடாது. கட்டறதுக்கு முன்னாடி அன்னைக்குப் பேப்பரைப் பக்கத்துல வெச்சு ஒரு போட்டோ. எந்தத் தேதியில எந்த நிலைமையில அனுப்பினோம்னு அத்தாட்சி. எல்லாத்துக்கும் முழு மதிப்புக்கு இன்சூரன்ஸ். மங்கை சொல்லுவா, "புள்ளையைக் கூட நீங்க இவ்வளவு பத்திரமா வெளியூர் அனுப்பலை"ன்னு.

ஏழெட்டு பொம்மை போனதும் ஒரு ஆள் வந்துச்சு. தளத்துல அவங்க பேரு டிரங்க்கால் லேடி. விலாசம் ஹெலன் பேட்டர்சன், மெல்போர்ன். அதுக்கப்புறம் நான் எதைப் போட்டாலும் அவங்கதான். வேற யாரு கேட்டாலும் கடைசி நிமிஷத்துல மேல ஏத்தி எடுத்துடுவாங்க. பேரம் கிடையாது, புகார் கிடையாது.

நீங்க இப்படிப் பாக்கறது புரியுது. மெல்போர்ன் பெரிய ஊரு சார். அங்க இருக்கறவங்க எல்லாம் என் தங்கச்சியா? டிரங்க்கால்ங்கற பேரைப் பாத்து, பழைய போன் சேக்கற பொம்பளைன்னு நெனச்சுக்கிட்டேன்.

கல்யாண செட்டு ஒண்ணு இருந்துச்சு. மாப்பிள்ளை, பொண்ணு, அய்யர், நாதஸ்வரம், தவில், பந்தியில சாப்பிடறவங்க, மொத்தம் பதினாலு உருப்படி. சேத்துப் போட்டா ஒரு விலை, தனித்தனியாப் போட்டா மூணு பங்கு. தனித்தனியாத்தான் போட்டேன். இந்த வாரம் மாப்பிள்ளை, அடுத்த வாரம் பொண்ணு. அந்த அம்மா ஒண்ணு விடாம எடுத்தாங்க. நடுவுல ஒரு செய்தி அனுப்பினாங்க, இங்கிலீஷ்ல. 'தவில்காரரைக் கட்டறப்போ இடது கையில அழுத்தம் வராமப் பாத்துக்குங்க. அது ஏற்கெனவே ஒட்டின கை.' போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்திருக்காங்க, எவ்வளவு கவனம்னு மங்கைகிட்ட பெருமையாச் சொன்னேன். மங்கை என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, "அந்தக் கையை உடைச்சது யாரு?"ன்னா. "அபயா. ஆறாம் கிளாஸ் படிக்கறப்போ"ன்னேன். "சரி"ன்னு உள்ள போயிட்டா. அவ அப்படித்தான், பாதியில போயிடுவா.

மணி எத்தனை? ரெண்டு இருபதுதானா!

இப்போ விஷயத்துக்கு வரேன். அம்மா வேலைல இருந்தப்போ பண்ருட்டிக்காரர் ஒருத்தர்கிட்ட போட்டோ குடுத்து ஒரு பொம்மை பண்ணச் சொன்னாங்க. ஒரு பொம்பளை எக்ஸ்சேஞ்சு போர்டு முன்னால நாற்காலியில உக்காந்திருப்பா. காதுல ஹெட்போன், கையில வயரு. அம்மாவேதான். அதே கொண்டை, அதே நீலப் புடவை. வருஷா வருஷம் கீழ்ப்படியில ஓரமா வைப்பாங்க. வெத்தலை பாக்கு வாங்க வர்றவங்க எல்லாம், "சௌந்தரம், நம்பர் ஒண்ணு போட்டுக் குடேன்"னு அந்தப் பொம்மையைப் பாத்துக் கேலி பண்ணுவாங்க.

அதையும் போட்டேன்.

போடும்போது கொஞ்சம் யோசனையாத்தான் இருந்துச்சு. ஆனா பாதிக்கு மேல குடுத்தாச்சு, இது பரண்ல இருந்து என்ன பண்ணப் போகுது? போட்டதும் அமெரிக்காவுல ஒருத்தன் புடிச்சுக்கிட்டான், நெசமாவே போன் சாமான் சேக்கற ஆளு. அவன் ஏத்த, இந்த அம்மா ஏத்த, அவன் ஏத்த. நான் போனைக் கையில வெச்சுக்கிட்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்கறேன். விலை எங்கயோ போச்சு. கடைசியில டிரங்க்கால் லேடிதான் ஜெயிச்சாங்க. நான் கை தட்டினேன் சார். தனியா நின்னு கை தட்டினேன்.

ரெண்டு நாள் கட்டினேன் அந்தப் பெட்டியை. போன விலைக்கு, ஒரு ரூபா குறைக்காம, இன்சூர் பண்ணினேன். பன்னெண்டு நாள் கழிச்சு ஹெலன்கிட்ட இருந்து ஒரே வரி. 'பொம்மை உடைந்து வந்திருக்கிறது.' கூடவே போட்டோ. பெட்டி மூலை நசுங்கி உள்ள போயிருக்கு. எந்த ஊர்ல எவன் எதை மேல போட்டானோ. தலை தனியா, கை தனியா, போர்டு ரெண்டா.

எனக்குப் பதட்டமெல்லாம் இல்ல. சொல்லப்போனா கொஞ்சம் தெம்பாவே இருந்துச்சு. இது என் வேலையாச்சே! பெட்டியைத் தூக்கிப் போடாதீங்க, நூல் கூட போகக்கூடாதுன்னு அவங்களுக்கு எழுதினேன். போட்டோ, ரசீது, ஏலச் சீட்டு எல்லாம் அடுக்கி அன்னைக்கே இன்சூரன்ஸ்காரங்களுக்கு அனுப்பினேன். வாங்கினவங்க தரப்புல ஒரு படிவம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பார்சலைப் பிரிச்சவங்க அடையாளச் சீட்டோட அனுப்பணும். அது வந்துட்டா பணம்.

ஒரு வாரம் கழிச்சு சென்னையிலேர்ந்து ஒரு பொண்ணு பேசிச்சு. தாட்சாயணின்னு பேரு. அதுவும் சர்வேயர்தான், சின்னக் குரலு.

"சார், ஒரு சந்தேகம். பார்சலைப் பிரிச்சவங்க ஹெலன் இல்லை. அபயாம்பாள் தண்டபாணின்னு இருக்கு. அனுப்பினவருக்கும் பிரிச்சவங்களுக்கும் என்ன உறவுங்கற கட்டத்துல 'அண்ணன்'னு எழுதியிருக்காங்க. உங்க தங்கச்சியா சார்?"

ரசீதுல இருந்த ஹெலன் பேரைத் திரும்பப் படிச்சேன்.

"ஹெலன் அவங்க பக்கத்து வீட்டுக்காரங்களாம். சார், இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"தப்பா நெனச்சுக்காதீங்க, கேட்டாகணும். இந்தப் பொம்மை யாரோடது?"

"எங்க அம்மாவோடது."

"உங்க அம்மாவோட பொம்மையை உங்க தங்கச்சிக்கு நீங்க ஏலத்துல வித்தீங்க. அந்த விலையை அவங்க நெசமாவே குடுத்தாங்களா, இல்ல கணக்குக்குக் காட்டினதா?"

பாத்தீங்களா சார்! என்கிட்ட கேக்குது! அந்த இடத்துல நான் இருந்திருந்தாலும் அதேதான் கேட்டிருப்பேன். அண்ணன் தங்கச்சி சேந்து மதிப்பை ஏத்திப் போட்ட கேஸுன்னு ஒரு பாராவுல எழுதி மூடியிருப்பேன். இல்லைன்னு நிரூபிக்கணும்னா, நான் நெசமாவே வித்தேன், நெசமாவே காசு வாங்கினேன்னு பேங்குச் சீட்டைக் காட்டணும். காட்டினேன். அத்தனை பொம்மைக்கும் வந்த பணத்தை வரிசையா அச்செடுத்து அனுப்பினேன். நான் மோசடிக்காரன் இல்லைன்னு ஆயிடுச்சு. அந்தப் பொண்ணு வாங்கிப் பாத்துட்டு, "சரி சார், நெசமாத்தான் வித்திருக்கீங்க"ன்னுச்சு. அதை ஏன் அப்படி மெதுவாச் சொல்லணும்னு தெரியலை.

அப்புறம் சொல்லிச்சு: "ஆனாலும் பணம் வராது சார். இழப்பீடு எவ்வளவு வேணும்ங்கற இடத்துல உங்க தங்கச்சி 'எதுவும் இல்லை'ன்னு எழுதிட்டாங்க. காரணம்: 'எல்லாத் துண்டும் என்கிட்ட பத்திரமா இருக்கு.' "

எனக்கு வந்துச்சே கோவம்! எவ்வளவு பக்காவான கிளைம்! ஒரு வரியில கெடுத்துட்டா. உடனே போன் போட்டேன், ரெண்டு வருஷத்துல முதல் தடவையா நானாப் போட்டேன்.

"ஏன் அப்படி எழுதினே? உனக்கு வரவேண்டிய பணம் அது."

"எனக்குப் பணம் வேணாம்ணே."

"வேற பேர்ல எதுக்கு வாங்கினே? போட்டோவுல தரையைப் பாத்து நம்ம வீடுன்னு தெரிஞ்சுதில்ல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சும்மாவே அனுப்பியிருப்பேனே."

"என் பேரைப் பாத்தா நீ விக்கறதை நிறுத்திடுவேன்னு முதல்ல நெனச்சேன். அப்புறம் வேற பயம் வந்துடுச்சு. என் பேரைப் பாத்தும் நீ வித்துட்டேன்னா நான் என்ன பண்றது?"

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனேண்ணே. வாசல்ல நின்னு கேட்டேன்."

அது கேள்வியா சார்? என்னண்ணே பண்ணப் போறேங்கறது பேச்சுவாக்குல எல்லாரும் கேக்கறது. எனக்கு வேணும்னு அதுல எங்க இருக்கு? ஒரு படிவத்துல அப்படி எழுதினா எந்தக் கம்பெனி ஒத்துக்கும்? மங்கைகிட்ட இதையே சொன்னேன். "உங்ககிட்ட படிவமா குடுக்கணும்?"னு கேட்டா. அன்னைக்கு ராத்திரி அவ என்கூட உக்காந்து சாப்பிடலை.

அப்புறம் இந்த மாசம் அபயாவே கூப்பிட்டா. "நான் கொலு வைக்கறேண்ணே. எது எந்தப் படியில வரும்னு மறந்துபோச்சு. உனக்கு ஞாபகம் இருக்கா?"ன்னு. எனக்கா மறக்கும்! எடுத்துக் குடுத்தவன் நான். நேத்து காலைல வீடியோவுல வந்தா. புத்தக அலமாரிப் பலகையை அடுக்கி ஏழு படி கட்டியிருந்தா. "மூணாம் படி இடது ஓரம்?" "ராமர் பட்டாபிஷேகம்." "பக்கத்துல?" "அனுமார். காலுக்கு அடியில ஒரு அட்டை வை, ஆடும்." ஒரு மணி நேரம் சார். எனக்குப் பசிக்கலை, கால் வலிக்கலை. கல்யாண செட்டு ஒண்ணா வந்து நின்னப்போ தவில்காரரை நகத்தி நகத்தி வெச்சா. நடுவுல, "கிருஷ்ணர் எங்கண்ணே?"ன்னா. "பர்மிங்காம்ல இருக்காரு"ன்னேன். அவ சிரிச்சா. நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு அந்த இடத்தைக் காலியாவே விட்டா.

கடைசியா போனைக் கீழே கொண்டுவந்தா. கீழ்ப்படி ஓரத்துல ஒரு வெள்ளைத் தட்டு. அதுல தலை, கை, ரெண்டாப் போன போர்டு, அந்தச் சின்ன வயரு, எல்லாத்தையும் வரிசையா வெச்சிருக்கா.

"உடைஞ்சதைக் கொலுவுல வைக்கக் கூடாது அபயா"ன்னேன்.

"தெரியும்ணே. அம்மாவை நான் கடைசியாப் பாக்கலை. இப்படியாவது பாத்துக்கறேன்"னா.

சாதாரணமாத்தான் சொன்னா, அழலை, கொள்ளலை. லைன் கட் ஆகுதுன்னு சொல்லி வெச்சுட்டேன். கட் ஆகலை சார். நானாத்தான் வெச்சேன்.

ராத்திரி படுத்தா தூக்கம் இல்ல. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, இனிமே உங்களை நான் எங்க பாக்கப் போறேன். அம்மா போனப்போ அபயாவுக்கு டிக்கெட் கிடைச்சுடுச்சுன்னு புதன்கிழமை காலைலயே மாப்பிள்ளை தண்டபாணி போன் பண்ணிச் சொல்லிட்டாரு. ஐஸ் பெட்டி கூடத்துலதான் இருந்துச்சு. நான்தான் எடுத்துடலாம்னு அவசரப்படுத்தினேன். அந்தக் கண்ணாடிக்குள்ள அம்மா முகத்தை என்னால பாத்துட்டு இருக்க முடியலை. எத்தனையோ விபத்துல எத்தனையோ பாத்தவன். அதைப் பாக்க முடியலை. மங்கைக்குக் கூட நான் சொன்னதில்ல.

இன்னிக்குக் காலைல பரண் ஏறி மிச்சம் இருந்ததை எல்லாம் இறக்கினேன். மங்கை காகிதம் வெட்டிக் குடுத்தா. கட்டி முடிச்சதும் அபயாவைக் கூப்பிட்டேன். பெட்டி அனுப்பறதைப் பத்திச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வாயில வேற வந்துச்சு.

"டிக்கெட் கிடைச்சது எனக்குத் தெரியும் அபயா. ஒரு நாள் வெச்சிருக்கலாம்"னேன்.

நெசமாவே லைன் போயிடுச்சோன்னு பாத்தேன். அப்புறம் மெதுவாச் சொன்னா.

"ரெண்டு நாள்ணே. வெள்ளிக்கிழமை காலைலதான் நான் வந்தேன். ரெண்டு நாள் வெச்சிருக்கணும்."

"ஆமா. ரெண்டு நாள்"னேன்.